எஸ்டேட் டவுனில் ஒரு காதல் படம்: எழுதுவது முதல் திரையிடுவது வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஓர் எஸ்டேட் டவுனில் இருந்துகொண்டு, ஊர் ஒதுக்கி வைத்த இருவரின் காதலைக் குறும்படமாக எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 20, 25 நிமிடப் படம். கையில் நல்ல கைப்பேசியோ இரவல் கேமராவோ, கூட நிற்க நான்கைந்து பேர். தொடங்க இது போதும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றி நாம் எடுக்கும் படங்களில் கடைசிக் காட்சியில் யாராவது ஒரு தலைவர், ஒரு அப்பா, ஒரு டாக்டர் மனமிரங்கி அவர்களைச் சேர்த்துக்கொள்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. அந்த இருவரும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது அவர்களுடைய படமே இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதுதான் கதை. ஊர் ஏற்றதா இல்லையா என்பது அடுத்த பேச்சு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைக் கைவிடாமல் இருப்பதற்காகத்தான்.

முதல் படி: ஒதுக்கல் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

‘சமூகத்தால் புறக்கணிக்கப்பட்டவர்கள்’ என்று பொதுவாக எழுதினால் படம் எடுக்க முடியாது. எந்தக் கவுன்டரில், எந்த விண்ணப்பப் பாரத்தில், யாருடைய வாசலில் அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஐசி என்ற அடையாள அட்டை இல்லாதவர்கள், உள்ளே போய் வந்தவர்கள், திருநங்கைகள், கணவன் விட்டுப்போன பெண்கள், சாதி சொல்லி ஒதுக்கப்படுகிறவர்கள் என்று ஒவ்வொரு தாமானிலும் (குடியிருப்பிலும்) இருக்கிறார்கள். ஒரு படத்துக்கு ஒன்று அல்லது இரண்டை எடுங்கள். எல்லோரையும் ஒரே படத்தில் நிறுத்தினால் ஒருவரையும் பார்க்க முடியாது.

இங்கே உதாரணத்துக்கு ஐசி இல்லாத ஒரு பெண்ணையும் சிறை போய் வந்த ஓர் ஆணையும் எடுத்துக்கொள்கிறேன். அவளை ராஜாத்தி என்றும் அவனை மணியம் என்றும் வைத்துக்கொள்வோம்.

ராஜாத்திக்கு ஏன் ஐசி இல்லை? படத்தில் இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எழுதுகிறவருக்கு அடி முதல் நுனி வரை தெரிந்திருக்க வேண்டும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயாவில் ஆட்களைப் பதிந்து அடையாள அட்டை கொடுக்கும் வழக்கம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. நாடு முழுக்க இன்று கேட்கப்படும் அட்டைக்கு நம் ஊர் நிலத்தோடு அப்படியொரு தொடர்பு இருக்கிறது. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்கள் இடம் மாறின, தாள்கள் தொலைந்தன. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டியதாயிற்று. 1969க்குப் பிறகு தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இருந்தவர்களில் பலர், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு இருந்தார்கள். வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்ட பிள்ளைகளும் உண்டு. தத்து என்று எழுத்தில் இல்லாமல் தூக்கி வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு.

அதற்கு மேல் ஒரு முடிச்சு இருக்கிறது. காதல் கதைக்கு அதுதான் உயிர். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி திருமணத்தைப் பதிய வேண்டும். தாள் இல்லாதவர் எப்படிப் பதிவது? மாரியம்மன் கோயிலில் தாலி ஏறும், தேசியப் பதிவிலாகாவில் பெயர் ஏறாது. பதிவில்லாமல் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை தாயின் வழியில்தான் பார்க்கப்படும். அப்பா குடிமக்களுக்கான நீல ஐசி வைத்திருந்தாலும் அம்மா குடிமகள் இல்லை என்றால் பிள்ளையும் வெளியே நிற்க வேண்டியதுதான். அதாவது ராஜாத்தி தன்னிடம் இல்லாததை, தான் பெறப்போகும் பிள்ளைக்கும் கொடுத்துவிடுவாள். மணியம் அவளிடம் ‘கல்யாணம் பண்ணிக்கலாம்’ என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஏன் சந்தோஷம் மட்டும் வருவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அவளுக்கு என்ன வயது வைப்பது என்பதையும் யோசியுங்கள். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி விண்ணப்பிக்கும் வழி பிள்ளைகளுக்கானது. வயது வந்தால் மூடிவிடும். ‘இன்னும் 30 நாள்தான்’ என்று வைத்துப் பரபரப்பாக எழுத ஆசை வரும். அப்படிச் செய்தால் காதல் படம் தாள் துரத்தும் படமாகிவிடும். அவளுக்கு 24 வயது, அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது என்று வையுங்கள். பிறகு இருவரும் எப்படி வாழப் போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

இரண்டாம் படி: கதைக்கு உரியவர்களிடம் போய் உட்காருங்கள்

கேமரா இல்லாமல் போங்கள். நோட்டுப் புத்தகமும் முதல் நாள் வேண்டாம். தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள். ‘உங்க கஷ்டத்தச் சொல்லுங்க’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். அரசாங்க அலுவலகங்களில் பல தடவை சொல்லி மனப்பாடமானது அது. ‘காலையில எத்தன மணிக்கு எழுந்திருப்பீங்க? கிளினிக்குக்கு யார் கூட வருவாங்க? சம்பளம் கையில குடுப்பாங்களா?’ என்று கேளுங்கள். குடிமக்கள் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மருந்து வாங்கும் அரசாங்கக் கிளினிக்கில், தாள் இல்லாதவரிடம் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கப்படும். அந்த வித்தியாசத்தைக் காய்ச்சலோடு வரிசையில் நின்றவர் சொல்லும்போது காட்சி தானாகவே வந்துவிடும்.

அனுமதி வாங்குவதில் கறாராக இருங்கள். ஒரு தடவை ‘சரி’ சொன்னது போதாது. திரைக்கதை எழுதியபின் படித்துக் காட்டுங்கள். எது வேண்டாம் என்கிறார்களோ அதை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். பெயர், ஊர், வேலை செய்யும் இடம் மூன்றையும் மாற்றுங்கள். ஐசி இல்லாத ஒருவர் முகம் தெரிய உங்கள் படத்தில் வந்தால், படம் பரவிய பிறகு குடிநுழைவுத் துறை அவரைத் தேடி வந்தால், நீங்கள் போய் நிற்பீர்களா? நிற்க முடியாது என்றால் அவரை நடிக்க வைக்காதீர்கள். அவர் கதை சொல்லட்டும், உங்கள் நடிகர் நடிக்கட்டும். கதை கொடுத்தவருக்கும் பணம் கொடுங்கள். மழை பெய்தால் அன்றைய கூலி போய்விடும் வாழ்க்கை அவர்களுடையது. அவர்கள் உங்களுக்குக் கொடுத்த மாலை நேரத்துக்கும் விலை உண்டு.

மூன்றாம் படி: ஏற்றுக்கொள்வதை ஒரு செயலாக எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. இங்கே அவசரப்படாதீர்கள்.

‘நீ யாரா இருந்தாலும் எனக்குப் பரவால்ல’ என்ற வசனத்தை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நல்ல வசனம்தான், ஆனால் சொல்பவருக்கு எந்தச் செலவும் இல்லை. ஏற்றுக்கொண்டதற்கு ஒரு விலை இருக்க வேண்டும், அந்த விலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டில் பிரிபெய்ட் சிம் அட்டை வாங்க ஐசி அல்லது பாஸ்போர்ட் காட்டிப் பதிய வேண்டும். ராஜாத்தியால் தன் பெயரில் ஒரு கைப்பேசி எண்கூட வாங்க முடியாது. இதை வைத்து ஒரு காட்சி:

ஒட்டுக்கடை. மதியம் 3 மணி. கூட்டம் இல்லை. ராஜாத்தி தட்டு கழுவிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வருகிறாள். மணியம் மேசையில் சிம் பாக்கெட்டை வைக்கிறான்.

மணியம்: இந்தா. எம் பேருல எடுத்திருக்கேன்.

ராஜாத்தி: ஒங்க பேருலயா? நாளைக்கு எதாச்சும்னா ஒங்களத்தான கூப்புடுவாங்க.

மணியம்: என்னைய எப்படியும் கூப்புடத்தான் போறாங்க.

(அவள் பாக்கெட்டைத் தொடவில்லை. உள்ளே போகிறாள். ஒரு தட்டில் நாசி லெமாக் கொண்டுவந்து வைக்கிறாள்.)

ராஜாத்தி: காலையில பசியாறலல்ல?

(அவன் சாப்பிடத் தொடங்கியதும் பாக்கெட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.)

காதல் என்ற பேச்சே இதில் இல்லை. ஏற்கெனவே போலீசில் பெயர் இருக்கும் ஒருவன், இன்னொருத்தி எண்ணுக்கும் தன் பெயரைக் கொடுக்கிறான். அவன் பெயரை வாங்கத் தயங்கும் ஊரில் அவள் அதை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். இருவருமே ஏற்கிறார்கள். ஒருவர் மட்டும் பெரிய மனசு பண்ணுவதாக எழுதினால் தராசு சாய்ந்துவிடும். நான் பார்க்கும் திரைக்கதைகளில் அதிகம் வரும் பிழை இதுதான். அவன் அவளைக் காப்பாற்றுகிறான், அல்லது அவள் அவனைத் திருத்துகிறாள். இரண்டுமே வேண்டாம். உங்கள் திரைக்கதையில் இப்படி மூன்று செயல்கள் கிடைத்துவிட்டால் படம் நின்றுவிடும். ஒன்று அவன் செய்வது, ஒன்று அவள் செய்வது, ஒன்று இருவரும் சேர்ந்து ஊரின் முன்னால் செய்வது.

ஊரை வில்லனாக்காதீர்கள். கோயில் கமிட்டித் தலைவர் கெட்டவர் இல்லை. அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்க மணியத்தைக் கூப்பிடுவார், பரிமாறக் கூப்பிட மாட்டார். கடைக்கார அக்கா ராஜாத்திக்குச் சம்பளம் குறைக்க மாட்டார், ஆனால் அதிகாரிகள் வந்தால் பின்வாசல் வழியாகப் போகச் சொல்வார். இப்படித்தான் நல்லவர்களே ஒதுக்குகிறார்கள். பார்க்க வந்தவர் தன்னை அங்கே கண்டுகொள்வார்.

முடிவு பற்றி என் கருத்து கடுமையானது: தயவுசெய்து யாரையும் சாகடிக்காதீர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் காதலித்தால் கடைசியில் லாரி மோதியோ கயிற்றிலோ போக வேண்டும் என்று நம் படங்கள் பழக்கிவிட்டன. பார்ப்பவர் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதே மாதிரி, கடைசி நிமிடத்தில் நீல ஐசி வந்து சேர்வதும் வேண்டாம். அப்படி வந்தால் அட்டை கிடைத்ததால்தான் காதல் சரியாயிற்று என்று ஆகிவிடும். அட்டை இல்லாமல், ஊர் பாதி முகம் கொடுத்தும் பாதி கொடுக்காமலும் இருக்கும் நிலையில், இருவரும் ஒரு வாடகை அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் இடத்தில் படத்தை நிறுத்தலாம்.

நான்காம் படி: பேச்சு நம் பேச்சாக இருக்கட்டும்

நம் இளைஞர்கள் வசனம் எழுத உட்கார்ந்தால் சென்னைத் தமிழ் வந்துவிடுகிறது. காசை ‘வெள்ளி’ என்றும், காரை ‘காடி’ என்றும், பைக்கை ‘மோட்டர்’ என்றும் பேசும் ஊரில் கதாநாயகன் மட்டும் கோடம்பாக்கத்திலிருந்து வந்தவன்போல் பேசினால் படம் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். 2015இல் வந்த ‘ஜகாட்’ படம் முழுக்க மலேசியத் தமிழர் பேச்சில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் பேச்சு வெளியே போகாது என்ற பயத்துக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை.

இன்னொரு நுணுக்கம். எஸ்டேட்டில் ராஜாத்தி மணியத்தை முதலில் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். மனம் மாறியபின் ‘அண்ணே’ நின்றுவிடும், பெயரும் வராது. ‘இந்தாங்க’ என்பாள், அல்லது எதுவும் சொல்லாமல் பக்கத்தில் வந்து நிற்பாள். பார்ப்பவர்களில் பெரியவர்கள் அந்த இடத்தை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: நடிகர்கள்

ஊர் ஆட்களே போதும். தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவில் நாடகம் போட்டவர்கள், உறுமி மேளக் குழுவினர், கோயிலில் கதை வாசிப்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். வசனத்தை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். காட்சியில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர்கள் வாயில் வருவதை எடுத்து எழுதுங்கள்.

திருநங்கைப் பாத்திரம் இருந்தால் அதைத் திருநங்கை ஒருவரே செய்யட்டும். ஆணுக்குச் சேலை கட்டிவிட்டுச் சிரிக்க வைக்கும் பழக்கத்தை நாமாவது விட்டுவிடலாம். தணிக்கையும் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. ஓரினக் காதலோ பாலின மாற்றமோ வரும் படங்களுக்கு இங்கே கதவு குறுகலானது. 2022இல் பெரிய ஹாலிவுட் படங்களே அதனால் நம் திரையரங்குகளுக்கு வராமல் போயின. அதனால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எந்த வழியில், யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்பதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். நடிக்க வரும் திருநங்கையிடமும் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆறாம் படி: அனுமதிகள்

தோட்டம் தனியார் நிலம். செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் நுழைய நிர்வாகியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், காவல் சாவடியில் அதைக் காட்ட வேண்டும். டவுன் தெருவில் எடுத்தால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்திடம் கேளுங்கள், சுங்கை சிப்புட் அதன் கீழ்தான் வருகிறது. போலீஸ் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ரயில் நிலையத்துக்குள் கேமரா தூக்கினால் ரயில் நிறுவனமான கேடிஎம்மின் அனுமதி தேவை. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். இந்தப் படத்துக்கு ட்ரோன் தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

1981ஆம் ஆண்டுச் சட்டப்படி படத் தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றுக்கும் உரிமம் கொடுப்பது ஃபினாஸ் என்ற தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம். அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் கைப்பேசிப் படம் கிடையாது. 2020 ஜூலையில் சமூக ஊடகக் காணொளிக்கும் உரிமம் வேண்டுமா என்று நாடாளுமன்றம் வரை சர்ச்சை போனது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு எடுப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை என்று அமைச்சர் பிறகு விளக்கினார். உங்கள் படம் போட்டிக்கோ டிக்கெட் விற்கவோ போவதாக இருந்தால், படப்பிடிப்புக்கு முன்பே ஃபினாஸிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஏழாம் படி: படப்பிடிப்பு

தோட்டத்து நேரத்துக்கு நீங்கள் மாறுங்கள், அவர்களை உங்கள் நேரத்துக்கு இழுக்காதீர்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டு விடியுமுன் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும், மழை பெய்தால் கிடையாது. செம்பனையில் குலை வெட்டுகிறவர் முன்னால் போவார், உதிரிப் பழம் பொறுக்குகிறவர் பின்னால் வருவார். குலை விழும் இடத்தில் கேமராவோடு நிற்காதீர்கள், அது பத்திருபது கிலோ இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடியும் மழையும் அடிக்கடி வரும். அந்த மாதங்களில் வெளிப்புறக் காட்சிகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை, லயத்து வீடு, கிளினிக் போன்ற இடங்களில் டியூப் விளக்குதான் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசியை 25 ஃப்ரேமிலும் ஷட்டரை 1/50லும் வையுங்கள், விளக்கு துடிப்பது படத்தில் தெரியாது. ஏர்கோன் அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்ததும் லென்ஸில் பனி படியும். எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் வெளியில் வைத்துவிடுங்கள்.

ஒலிக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். தகரக் கூரை வெயில் ஏறும்போது டிக் டிக் என்று அடித்துக்கொள்ளும், மழை வந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. காலையில் குலை ஏற்றிய லாரி, கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, சில்வண்டு என்று எல்லாம் இருக்கும். கேமராவின் மைக்கை நம்பாதீர்கள், சட்டையில் குத்தும் சிறிய மைக் இரண்டு வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் ஒலியை மட்டும் பதிந்து வையுங்கள். வெட்டி ஒட்டும்போது அது கைகொடுக்கும்.

மழையோடு சண்டை போடாதீர்கள். முடிந்தால் ஒரு காட்சியை மழைக்காகவே எழுதி வையுங்கள். ராஜாத்தியும் மணியமும் கடையில் மாட்டிக்கொள்கிறார்கள், பேச முடியவில்லை, சைகையில் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்கிறார்கள். இதற்கு மைக்கும் வேண்டாம்.

முத்தமோ கட்டிப்பிடிப்பதோ இருந்தால் நடிக்கும் இருவரிடமும் அவர்கள் வீட்டிலும் முன்பே பேசுங்கள். சின்ன ஊரில் படம் முடிந்த பிறகும் அந்தப் பெண் அங்கேதான் வாழ வேண்டும்.

எட்டாம் படி: எடிட்டிங்

முதல் வெட்டில் 40 நிமிடம் வரும், பாதியைக் கழியுங்கள். சோக இசை போட்ட இடங்களை முதலில் பாருங்கள். இசையை எடுத்துவிட்டு அந்தக் காட்சி நிற்கிறதா என்று சோதியுங்கள். நிற்கவில்லை என்றால் தவறு காட்சியில்தான். மலாய் வசனவரி கட்டாயம் போடுங்கள். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும் கிளினிக் நர்ஸுக்கும் இந்தப் படம் புரிய வேண்டும், அவர்களும் இந்தக் கதையில் இருப்பவர்கள்தான்.

ஒன்பதாம் படி: திரையிடல்

கோயில் மண்டபத்தில் திரை கட்டி ஊரைக் கூப்பிட எல்லோருக்கும் ஆசை இருக்கும். அதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, தணிக்கை வாரியம் அனுமதிக்காத படத்தைத் திரையிடுவது குற்றம். மண்டபம் சின்னது, நுழைவு இலவசம் என்பதெல்லாம் காப்பாற்றாது. இலங்கை இறுதிப் போர் பற்றிய ஓர் ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் மண்டபத்தில் காட்டியதற்காக மனித உரிமைப் பணியாளர் ஒருவர் இந்தப் பிரிவில் குற்றம் சாட்டப்பட்டு, 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் கட்டினார். அதனால் உள்துறை அமைச்சின் கீழுள்ள தணிக்கை வாரியத்துக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். வெட்டச் சொன்னால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று குழுவுக்குள் முன்பே பேசி வையுங்கள்.

முதல் காட்சி ஊருக்கு வேண்டாம். கதை கொடுத்தவர்களை மட்டும் வீட்டுக்கு அழைத்து, மடிக்கணினியில் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் ‘இத எடுத்துடுங்க’ என்றால் அன்று இரவே எடுத்துவிடுங்கள். அதன் பிறகுதான் மண்டபம். அங்கே படம் முடிந்ததும் தலைவர்களை மேடைக்கு அழைத்து உரையாற்றச் சொல்லாதீர்கள். விளக்கைப் போட்டு, மைக்கைக் கூட்டத்துக்குள் கொடுத்துவிடுங்கள். யாராவது எழுந்து தன் வீட்டில் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை ஒன்று இருக்கிறது என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் பதில் சொல்ல, குடியுரிமை விண்ணப்பம் தெரிந்த வழக்கறிஞரையோ சமூகப் பணியாளரையோ முன்பே கேட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். பிள்ளை விண்ணப்பிக்கும் வயதில் இருந்தால், அன்றைக்கே ஒரு தேதி குறித்துக் கொடுத்து அனுப்புங்கள்.